டியூப் போட்டால் போகிறது, நிறுத்தினால் வருகிறது: கால் இடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார். 12 மணி நேர ஷிஃப்ட், முழுக்க சேஃப்டி ஷூ. ஆறு பேருக்கு ஒரே அறை, ஒரே குளியலறை. ஐப்பசி மழையில் நனைந்த ஷூவோடு நாலைந்து நாள் ஓட்டியதிலிருந்து இரண்டு காலிலும் சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறிப்போய், அரிப்பு, நாற்றம். மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்திருக்கிறார்கள். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்திய பத்தாம் நாள் திரும்ப வந்தது. மூன்று தடவை இப்படியே ஆகிவிட்டது. அம்மா மருதாணி வைக்கச் சொல்கிறார். தைப்பூசத்துக்குப் பழநி நடைப்பயணம் போகலாமா என்பது கடைசிக் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. டெல்டாவில் ஒரு சின்ன ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்ற மருந்தாளுநர். நடவுக் காலத்தில் சாயங்காலம் ஆனால் கடை வாசலில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிக் காலைத்தான் காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் சொல்லும் அடையாளம் சேற்றுப்புண்ணோடு அப்படியே பொருந்துகிறது. அது போகாததற்கு இரண்டு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று, அரிப்பு நின்ற நாளைக் குணமான நாள் என்று எடுத்துக்கொண்டீர்கள். இரண்டு, உங்களுக்குக் கொடுத்த டியூபில் பூஞ்சை மருந்தோடு வேறு ஒன்றும் இருந்திருக்கும்.

முதலில் அந்த டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்தான், உள்ளே இருக்கும் மருந்துகள் வரிசையாக அச்சிட்டிருக்கும். அதில் குளோபெடசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெடசோன், ஃப்ளுசினோலோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த டியூப். பெயரின் ஓசையில் ஏமாந்துவிடாதீர்கள். குளோபெடசால் ஸ்டீராய்டு, குளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து. ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து, ஒரு ஸ்டீராய்டு என்று மூன்று நான்கைக் கலந்து ஒரே டியூபில் அடைத்து விற்பது நம் நாட்டில் ரொம்ப வருஷமாக நடக்கிறது. ‘எதுவாக இருந்தாலும் ஒன்று கேட்கும்’ என்ற கணக்கு.

ஸ்டீராய்டு செய்வது என்ன? பூஞ்சை வந்ததும் நம் உடம்பு அதோடு சண்டை போடுகிறது. அந்தச் சண்டைதான் சிவப்பு, வீக்கம், அரிப்பு. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. திருடனைப் பார்த்துக் குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு வீடு அமைதியாகிவிட்டது என்று படுத்துக்கொள்வது மாதிரி. மூன்று நாளில் அரிப்பு நிற்கும், ஆனால் பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவிக்கொண்டிருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, வெடித்து, கடைசியில் டாக்டரே பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாதபடி படையின் உருவமே மாறிவிடும்.

இந்த டியூப்களை நானும் விற்றிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ‘அண்ணே, அன்னிக்குக் குடுத்தீங்களே, ஒரே ராத்திரியில நின்னுடுச்சு’ என்று சொல்லிக்கொண்டு அதே ஆள் மாதாமாதம் வருவார். நல்ல மருந்து என்று நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். ஒரே ராத்திரியில் நின்றது என்றால் ஏன் மாதாமாதம் வருகிறார் என்று யோசிக்க எனக்குச் சில வருஷம் பிடித்தது. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் தோலில் போடும் ஸ்டீராய்டுகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கவுண்டரில் கையை நீட்டினால் இன்னும் கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஆக முதல் வேலை, அந்த டியூபைத் தூக்கிப் போடுவது. நிறுத்தியதும் சில நாள் அரிப்பு முன்னைவிடக் கூடும். பயப்பட வேண்டாம், வாயைக் கட்டிய நாயை அவிழ்த்துவிட்டால் குரைக்கத்தான் செய்யும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிஷம் வைத்து எடுத்து, உடனே உலர்த்திவிடுங்கள். ராத்திரித் தூக்கம் கெடுகிற அளவுக்கு இருந்தால் அரிப்பு மாத்திரைக்கு டாக்டரிடம் கேட்கலாம்.

அடுத்து சரியான மருந்து. டெர்பினாஃபின் 1 சதவீதம், அல்லது குளோட்ரிமசோல் 1 சதவீதம், மைகோனசோல் 2 சதவீதம், லுலிகோனசோல் 1 சதவீதம். இவற்றில் ஏதாவது ஒன்று, அது மட்டும் உள்ள களிம்பு. கடையில் கேட்கும்போது ‘சேற்றுப்புண்ணுக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்காமல் மருந்தின் பெயரைச் சொல்லி, ‘வேறு எதுவும் கலக்காதது’ என்று கேளுங்கள். விரல் இடுக்குக்கு டெர்பினாஃபின் ஒன்று இரண்டு வாரத்தில் வேலையை முடிக்கக்கூடியது. குளோட்ரிமசோல், மைகோனசோல் என்றால் காலையும் ராத்திரியும் நாலு வாரம். லுலிகோனசோல் தினம் ஒரு வேளை, இரண்டு வாரம். டெர்பினாஃபின் பூஞ்சையைக் கொல்லும். குளோட்ரிமசோல் வகை பெரும்பாலும் அதன் வளர்ச்சியைத்தான் நிறுத்தும், மீதியைத் தோல் உதிர்வது பார்த்துக்கொள்ளும். அதனால்தான் அதற்கு நாள் கூடுதல்.

எதைப் போட்டாலும், கண்ணுக்குத் தோல் சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் விடாமல் போடுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். காரணம் இருக்கிறது. இந்தப் பூஞ்சை வாழ்வது தோலின் மேலடுக்கில் உள்ள செத்த செதில்களில். அந்தச் செதில், நம் முடி, நகம் எல்லாம் கெரட்டின் என்ற ஒரே சரக்கு. அதைத் தின்றுதான் பூஞ்சை பிழைக்கிறது. பழைய செதில் முழுக்க உதிர்ந்து புதுத்தோல் மேலே வர மூன்று நாலு வாரம் ஆகும், உள்ளங்கால் மாதிரி தடித்த இடத்தில் இன்னும் கூடும். பாதியில் நிறுத்தினால் கீழடுக்கில் மிச்சம் இருக்கும் பூஞ்சையின் நூலிழை திரும்ப முளைக்கும். களை பறிக்கும்போது வேரை விட்டுவிட்டு வந்த கதைதான்.

போடுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். காலை சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்கு முழுக்க உலர்ந்த பிறகு போட வேண்டும். ஈரத்தின் மேல் போட்டால் ஈரத்தை மூடி வைத்த மாதிரி. வெள்ளையாக அப்பிக்கொள்ள வேண்டாம், மெல்லிசாகத் தடவித் தோலில் மறைந்துபோக வேண்டும். புண் இருக்கும் இடத்தில் மட்டும் போடாமல் சுற்றி இரண்டு விரல் அகலம் நல்ல தோலிலும் தடவுங்கள். அரிக்கவில்லை என்று மற்ற இடுக்குகளை விட்டுவிடாதீர்கள். போட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இப்போது ஈரத்துக்கு வருகிறேன். மருந்து பாதி, ஈரம் மீதிப் பாதி. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் ஏராளம், எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. அந்த எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களுக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு. பாதத்துக்கு அந்தக் காவல் இல்லை. அதிலும் நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே உள்ள இடுக்குதான் மிக நெருக்கமானது, காற்றே புகாது. இதற்கு மேல் ரெக்ஸின் ஷூவும் நைலான் சாக்ஸும் மாட்டி 12 மணி நேரம் நின்றால், பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் முதல் வேலை காலைக் கழுவுவது. பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியைக் கிழித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடுக்காக ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஊறின தோல் பிய்ந்துவிடும். பிறகு டேபிள் ஃபேன் முன்னால் ஐந்து நிமிஷம் விரல்களை விரித்து உட்காருங்கள். களிம்பு போட்டபின் படுக்கும்போது சுண்டுவிரல் இடுக்கில் சின்னதாக ஒரு பருத்தித் துணித் துண்டை மடித்து வைத்தால் விரல்கள் ஒட்டாமல் காற்றோட்டம் இருக்கும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் இந்தத் துணித் துண்டு மட்டுமே பாதி வேலையைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

இடுக்கு கசிந்துகொண்டு, தொட்டால் எரிகிற நிலையில் இருந்தால் களிம்பு நிற்காது. அப்போது முதல் இரண்டு மூன்று நாள் பெர்மாங்கனேட் தண்ணீர். ஒரு வாளித் தண்ணீரில் மிகச் சில துகள்கள் மட்டும் போட்டு, முழுக்கக் கரைந்ததும் பாருங்கள்: நிறம் வெளிர் ரோஜாவாக இருக்க வேண்டும். கத்திரிப்பூ நிறம் வந்துவிட்டால் அதிகம், தண்ணீர் ஊற்றிக் குறையுங்கள். கரையாத துகள் தோலில் பட்டால் சுட்டுவிடும். பத்துப் பதினைந்து நிமிஷம் காலை வைத்திருந்து எடுத்து உலர்த்துங்கள். நகம் பழுப்பாகும், வாளி கறைபடும். கசிவு நின்றதும் இதையும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் காய்ந்து வெடிக்கும். துகள் உள்ள பொட்டலத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், வாயில் போனால் பெரிய ஆபத்து.

ஷூவுக்கு என்ன செய்வது? சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டுச் செருப்போடு வேலை செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன், விரல் போய்விடும். முடிந்தால் இரண்டாவது ஜோடி ஒன்று வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடுங்கள். நனைந்த ஷூ முழுக்கக் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்கு வழியில்லை என்றால் உள்ளே இருக்கும் அட்டையை மட்டுமாவது இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஷூவை ராத்திரி நாக்கைத் தூக்கிவிட்டு, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். சாக்ஸ் பருத்தியில், ஷிஃப்டுக்கு இரண்டு ஜோடி. சாப்பாட்டு இடைவேளையில் மாற்றிவிடுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். குளோட்ரிமசோல் கலந்த பவுடர் கிடைக்கிறது, காலையில் உலர்ந்த காலுக்கும் ஷூவுக்குள்ளும் தூவிக்கொள்ளலாம். ஊறிப்போன இடுக்கில் பவுடரைக் கொட்டினால் களியாகித் திரண்டு இன்னும் அறுக்கும், அது வேண்டாம். பவுடர் வராமல் காக்கத்தான் நல்லது.

சாக்ஸ் துவைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. 40 டிகிரி வெதுவெதுப்பில் துவைத்தால் பூஞ்சை வித்துகள் பிழைத்துவிடுகின்றன; 60 டிகிரியில்தான் மடிகின்றன. 60 என்பது கை பொறுக்காத சூடு. ஹாஸ்டலில் வாஷிங் மெஷின் இருக்காது, ஒரு வாளியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, சாக்ஸை முக்கி மூடி வையுங்கள். அரைமணி கழித்து அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வெயிலில் காயப்போடுங்கள். சாக்ஸை ஜட்டிக்கு முன்னால் மாட்டுங்கள் என்றும் ஒரு யோசனை சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள். ஜட்டிக்குள் கால் நுழையும்போது விரல் இடுக்குச் செதில் துணியில் ஒட்டி அப்படியே தொடை இடுக்குக்குப் போகும். தொடைப் படை இருக்கும் நிறையப் பேருக்குக் காலிலும் இருக்கும். கொழும்பில் வேலை பார்த்த இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 1910-ல் தொடை இடுக்குப் படையில் ஒரு பூஞ்சையைக் கண்டு எழுதினார். இன்று ட்ரைக்கோபைட்டான் ருப்ரம் என்று சொல்லப்படும் அதுதான் உலகம் முழுக்கக் கால் இடுக்கைப் பிடித்து ஆட்டுவதில் முதல் இடத்தில் இருப்பது. இடம்தான் வேறு, ஆள் ஒருவனே.

ஆறு பேர் அறை என்றீர்கள். உதிரும் செதிலில் இருக்கும் வித்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குளியலறைக்கு உங்களுக்கென்று ஒரு ரப்பர் செருப்பு, கால் துடைக்கத் தனித் துணி, கால்மிதியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது, குளியலறைத் தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது, இவ்வளவு போதும். அறையில் இன்னொருவருக்கும் இருந்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மருந்து போடுங்கள். ஒருவர் முடித்ததும் மற்றவர் ஆரம்பித்தால் பந்து விளையாடுகிற மாதிரி இது மாறி மாறிப் போய் வரும்.

அம்மா சொன்ன மருதாணிக்கு வருகிறேன். அம்மாவைக் கேலி பேச எனக்கு மனமில்லை. எங்கள் பக்கம் நடவுக்குப் போகும் பெண்கள் இலையை அரைத்து விரல் இடுக்கிலும் உள்ளங்காலிலும் அப்பிக்கொண்டு படுப்பது தலைமுறையாக நடக்கிறது. மருதாணிக்குச் சிவப்பைக் கொடுக்கும் லாசோன் என்ற பொருளுக்குப் பூஞ்சையை அடக்கும் தன்மை ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இலையின் துவர்ப்பு ஊறின தோலை இறுக்கி உலர வைக்கவும் செய்யும். ஆனால் கண்ணாடித் தட்டில் வளரும் பூஞ்சை வேறு, காலின் தோலுக்குள் இறங்கின பூஞ்சை வேறு. தோல் பிளக்காத நிலையில், வீட்டில் பறித்த இலையை அரைத்து, வாரம் ஒருநாள் வைத்தால் கெடுதல் இல்லை. களிம்புக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம். கடையில் கோனில் விற்கும் கறுப்பு மெஹந்தி கூடவே கூடாது. அதில் தலைச்சாயத்தில் போடும் ரசாயனத்தைக் கலப்பதுண்டு, கொப்புளம் கிளம்பிவிடும். இன்னொன்று, சிவந்த காலில் புண்ணின் சிவப்பு தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள் இதனாலேயே மருதாணியைத் தவிர்ப்பது நல்லது.

வேப்பெண்ணெய், மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெய் எல்லாம் வேலைக்கு இறங்கும் முன் தடவினால் உபயோகம் உண்டு, தண்ணீர் தோலில் ஊறாமல் மெழுகு பூசின மாதிரி காக்கும். ஏற்கெனவே ஊறி வெளுத்த இடுக்கில் எண்ணெய் விட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். சீமை அகத்தி இலையைப் படைக்கு அரைத்துப் போடுவார்கள், வண்டுகொல்லி என்றும் பெயர். அதிலும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது, சிலருக்குத் தோல் கன்றும். பூண்டை அரைத்து இடுக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கி, காலையில் தோல் வெந்து வந்த ஒருவரை நானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட், சுண்ணாம்பு, பினாயில் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எரிந்தால் வேலை செய்கிறது என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. எரிவது உங்கள் தோல்.

பழைய மருந்துகளில் எனக்குப் பிடித்தது விட்ஃபீல்டு களிம்பு. பென்சாயிக் ஆசிட் 6 சதவீதம், சாலிசிலிக் ஆசிட் 3 சதவீதம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரக்கு, விலை மலிவு. உள்ளங்காலும் குதிகாலும் மாவு தூவின மாதிரி வெளுத்து, வரி வரியாகச் செதில் உரியும் வகைக்கு, தடித்த தோலைக் கரைத்து உதிர வைக்க இது கெட்டிக்காரன். நிறையப் பேர் அந்த வகையைப் பித்தவெடிப்பு என்று நினைத்து வருஷக்கணக்கில் வாசலின் தடவிக்கொண்டிருப்பார்கள். உங்களுடையது ஊறின இடுக்கு, அதில் இதைப் போட்டால் கண்ணில் தண்ணீர் வரும், வேண்டாம்.

சேற்றுப்புண் மாதிரியே இருந்து வேறாக இருப்பவையும் உண்டு. உள்ளங்காலில் குண்டூசி குத்தின மாதிரி பொடிக் குழிகள், நாற்றம் மட்டும் அதிகம், அரிப்பு இல்லை என்றால் அது பாக்டீரியா வேலை, பூஞ்சை மருந்து அதற்கு ஒத்துவராது. இடுக்கில் அரிப்பே இல்லாமல் பழுப்புப் படலம் மட்டும் இருந்தாலும் அப்படித்தான். செருப்பு வாரின் வடிவத்திலேயே மேல்பாதம் கறுத்து அரித்தால் அது ரப்பர் ஒவ்வாமை, செருப்பை மாற்ற வேண்டும். நடவுப் பெண்களின் காலில் வருவதைச் சேற்றுப்புண் என்றே எல்லோரும் சொன்னாலும், அதில் பாதி, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறித் தோல் சிதைவதுதான். பூஞ்சையும் பாக்டீரியாவும் பின்னால் வந்து குடியேறும். அவர்களுக்கு கம்பூட்ஸ் போடுங்கள் என்று சொல்லும் அறிவுரையைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நடவு வயலில் முழங்கால் சேற்றில் பூட்ஸோடு பின்னால் நகர்ந்து பார்த்தவர் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். வரப்பேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்து, மதியம் அரைமணி காலைக் காற்றாட நீட்டி உட்காரக் கங்காணி விட்டால், அது எந்த டியூபுக்கும் குறைவில்லை.

கைவைத்தியத்தோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டிய இடம் எது என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் முதல் நாளே போங்கள். உங்களுக்குச் சர்க்கரை இல்லை என்று எழுதவில்லை, ஒருமுறை பார்த்துவிடுங்கள். இளவயதில் திரும்பத் திரும்ப வரும் சேற்றுப்புண்ணைக் காட்டப் போய் சர்க்கரை தெரிந்து வந்தவர்கள் உண்டு. பாதம் சூடாகி, சிவப்பு மேலே ஏறி, வீங்கி, தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். பிளந்த இடுக்கு வழியாகப் பாக்டீரியா உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். யானைக்கால் நோய் இருந்த எங்கள் டெல்டா ஊர்களில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி: வீங்கின காலுக்கு வரும் நெறிக்காய்ச்சலுக்குப் பெரும்பாலும் வழி விடுவது விரல் இடுக்குப் புண். அந்த நோயாளிகளுக்கு அரசு தரும் பெட்டியில் டப், மக்கு, சோப்பு, துண்டோடு பூஞ்சைக் களிம்பும் இருப்பது அதனால்தான். கழுவு, உலர்த்து, களிம்பு போடு; வைத்தியம் அவ்வளவே, காய்ச்சல் வரும் தடவை பாதியாகக் குறைந்துவிட்டது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கால் நகம் மஞ்சளாகித் தடித்துப் பொடிந்தால் களிம்பு உள்ளே போகாது. அதற்கு டெர்பினாஃபின் மாத்திரை மூன்று மாதம் போல எடுக்க வேண்டியிருக்கும், கல்லீரல் பரிசோதனையோடு, டாக்டர் மேற்பார்வையில். நகத்தை விட்டுவிட்டு இடுக்குக்கு மட்டும் மருந்து போட்டால் விதை நெல் வீட்டிலேயே இருக்கிறது. உடம்பிலோ தொடையிலோ வட்ட வட்டமாகப் படை இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். டெர்பினாஃபினுக்கு அடங்காத ஒரு பூஞ்சை நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020-ல் அதற்குப் பெயர் வைத்தபோது ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று இந்தியாவின் பெயரையே சேர்த்துவிட்டார்கள். சரியான மருந்தை நாலு வாரம் ஒழுங்காகப் போட்டும் இடுக்கு அசையவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவில், செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை இருக்கிறது. வலிக்காது, பலன் சீக்கிரம் தெரிந்துவிடும். போவதற்கு முன் சில நாள் களிம்பை நிறுத்திவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் இருக்கும் பூஞ்சையும் கண்ணில் படாது.

பழநிக்கு வருவோம். தாராளமாக மாலை போடுங்கள். இன்றைக்கே சரியான களிம்பை ஆரம்பித்தால் தைப்பூசத்துக்குள் தோல் கூடிவிட நாள் இருக்கிறது. வெறுங்காலோடு நடப்பது விரல் இடுக்குக்குக் கெடுதலே இல்லை, ஷூவை விட அதற்குக் காற்று அதிகம். புறப்படும் அன்று இடுக்கில் பிளவு இருக்கிறதா என்று விரலைப் பிரித்துப் பாருங்கள். பிளவு இருந்தால் ஒன்று வேண்டுதலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள், அல்லது செருப்போடு நடங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். டிடி ஊசி போட்டு ரொம்ப வருஷம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் மண்டபங்களில் நூற்றுக்கணக்கானவர் குளிக்கும் இடத்தில் மட்டும் உங்கள் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். சண்முக நதியில் முழுகி எழுந்தால் படியேறும் முன் அந்த வேட்டித் துணியை எடுத்து இடுக்கை ஒற்றுங்கள். பையில் துணி, களிம்பு, காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி. திரும்பி வரும் பஸ்ஸில் காலை ஷூவுக்குள் திணிக்காமல் வாருங்கள்.